கதகதப்பும் வேண்டும், காற்றும் வேண்டும்



மார்கழி பிறந்துவிட்டால் நம்ம மலையில் வேறு பேச்சே கிடையாது. "அப்பப்பா, என்ன குளிரு!" என்பதுதான் பேச்சு. குழுக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தால் சேமிப்புப் பணத்தை எண்ணுவதற்கு விரல் மடங்காது. கையெழுத்துப் போடச் சொன்னால் பேனா நடுங்கும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் பள்ளமான இடங்களில் விடியற்காலையில் புல் மேல் உப்பைக் கொட்டி வைத்த மாதிரி உறைபனி படிந்து கிடக்கும். தேயிலைக் கொழுந்தே கருகிப் போகும்போது மனுஷ உடம்பு என்ன பண்ணும்? அதனால்தான் நாம் கதவைச் சாத்துகிறோம், ஜன்னலை அடைக்கிறோம், நெருப்பு மூட்டிக் குளிர் காய்கிறோம்.

குளிர் காய்வது தப்பே இல்லை. எப்படிக் காய்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்த இதழில் பேசப் போகிறோம். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நடந்தது

நான் சமவெளியில் பிறந்து வளர்ந்தவள். சமூகப்பணிப் பட்டப்படிப்பை முடித்துவிட்டு இந்த வேலைக்காக மலை ஏறினேன். முதல் வருஷம் நானும் உடன் வேலை பார்த்த தோழியும் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். டிசம்பர் மாதம் குளிர் தாங்க முடியவில்லை. யாரோ சொன்னார்கள் என்று ஒரு இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைப் போட்டு, நன்றாகக் கனிய விட்டு, அறைக்குள் கொண்டுவந்து வைத்தோம். குளிர் காற்று வரக் கூடாதே என்று கதவுக்கடியில் பழைய புடவையைச் சுருட்டி வைத்தேன். வென்டிலேட்டரில் நியூஸ் பேப்பரைத் திணித்தேன். இதெல்லாம் என் கையால் நானே செய்தது.

அறை நன்றாகக் கதகதப்பாக இருந்தது. சந்தோஷமாகப் படுத்தோம். நடு ராத்திரியில் எனக்குத் தலை பிளக்கிற மாதிரி வலி, வாந்தி வருகிற மாதிரி ஒரு புரட்டல். ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன். எழுந்திருக்கணும் என்று தோன்றியது. ஆனால் கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

என் தோழி பாத்ரூம் போக எழுந்தவள், கதவைத் திறந்து வாசற்படியிலேயே விழுந்துவிட்டாள். அந்தச் சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா ஓடி வந்தாங்க. அந்தக் கதவு திறந்ததுதான் எங்கள் இரண்டு பேரையும் பிழைக்க வைத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கரி வச்சுட்டுப் படுத்தீங்களாம்மா?" என்பதுதான்.

பதினேழு வருஷம் பள்ளிக்கூடமும் காலேஜும் போய்ப் படித்தவள் நான். எனக்கே இது தெரிந்திருக்கவில்லை. அதனால் இதை யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கரி வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தியை நாம் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். சுற்றுலா வந்தவர்கள், வேலைக்கு வந்த வெளியூர்த் தொழிலாளிகள், நம்ம ஊர்க்காரர்கள் என்று எல்லோரும் அதில் உண்டு.

கரியில்தான் புகையே இல்லையே?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. விறகு புகையும், கண் எரியும், இருமல் வரும். அதனால் நாமே கதவைத் திறந்துவிடுவோம். கனிந்த கரியில் புகை தெரியாது. சிவப்பாக, அழகாக, அமைதியாக இருக்கும். ஆபத்தே அந்த அமைதியில்தான் இருக்கிறது.

கரியோ விறகோ எரிவதற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். போதுமான காற்று கிடைக்காமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண்ணும் எரியாது. சாம்பல் மூடிக் கனன்றுகொண்டிருக்கும் தணலிலிருந்து இது நிறையவே வரும். "அணைஞ்சு போச்சு, வெறும் தணல்தான்" என்று நினைக்கிறோமே, அந்த நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம்.

இந்த வாயு உடம்புக்குள் போய் என்ன செய்கிறது? நம்ம மினிபஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின்தான் அந்த பஸ். மூச்சில் வரும் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போய் மூளை, இதயம் என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறக்கிவிடுவது அதன் வேலை. கார்பன் மோனாக்சைடு வந்தால் முதலில் ஏறி சீட்டைப் பிடித்துக்கொள்ளும். சீக்கிரத்தில் இறங்காது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்கிறது. பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் ஆக்சிஜனுக்கு இடம் இருக்காது. மூளைக்கு ஆக்சிஜன் போகாததால்தான் "எழுந்து கதவைத் திற" என்ற யோசனை வந்தாலும் கை கால் அசைவதில்லை.

கர்ப்பிணிப் பெண்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தாய் தேறி வந்தாலும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இது பெரிய பாதிப்பைக் கொடுக்கும்.

அடையாளம் என்ன? உடனே என்ன செய்வது?

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், உடம்பு தளர்ந்து போவது, குழப்பமான பேச்சு, நெஞ்சுவலி, மயக்கம். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், வெளியே வந்து நின்றதும் கொஞ்சம் தெளிந்தால், அடுப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

1. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். உள்ளே போகிறவர் மூச்சை அடக்கிக்கொண்டு போய் முதலில் கதவை அகலத் திறக்க வேண்டும்.
2. மயங்கியவரை வெளியே தூக்கி வாருங்கள். உள்ளேயே வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்காதீர்கள்.
3. 108-க்கு போன் பண்ணுங்கள். மூச்சு நின்றிருந்தால், தெரிந்தவர்கள் உடனே முதலுதவி தொடங்க வேண்டும்.
4. தெளிந்துவிட்டார் என்று விட்டுவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இதற்கு மருந்தே ஆக்சிஜன்தான். "கரி அடுப்பு வச்சிருந்தோம்" என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்க்கும் சின்ன மெஷினை நிறையப் பேர் வாங்கி வைத்திருக்கிறோம். இந்த விஷத்துக்கு அதை நம்பக் கூடாது. சீட்டில் உட்கார்ந்திருப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 98 என்று நன்றாகவே காட்டும்; ஆள் உள்ளே தவித்துக்கொண்டிருப்பார்.

சிலிண்டர் வந்த பிறகும் ஏன் விறகு அடுப்பு?

உஜ்வலா திட்டம் 2016-இல் தொடங்கியது. நம்ம உறுப்பினர்கள் பலர் வீட்டில் இப்போது சிலிண்டர் இருக்கிறது. ஆனாலும் மூலையில் விறகு அடுப்பும் எரிகிறது. ஏன் என்று மேலிருந்து வருகிற அதிகாரிகள் கேட்பார்கள். நமக்குத் தெரியும். அந்த அடுப்பில் சோறு மட்டுமா வேகுது? வெந்நீர் கொதிக்கும், நனைந்த ஸ்வெட்டர் மேலே கயிற்றில் காயும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கையை நீட்டிக் குளிர் காயும், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுவாள். கேஸ் அடுப்பு சமைக்கும்; வீட்டைச் சூடாக்காது.

அதனால் "விறகை நிறுத்துங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. ஆனால் புகையும் சாதாரண விஷயம் இல்லை. வீட்டுக்குள் சேரும் புகையால் 2020-இல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்தப் புகையில் வளரும் சின்னக் குழந்தைகளுக்கு நிமோனியா வரும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுப்படியிலேயே நிற்கும் பெண்களுக்கு நாள்பட்ட மூச்சிரைப்பு, கண் கோளாறு, இதயக் கோளாறு எல்லாம் வரலாம். பீடியே பிடிக்காத நம்ம அம்மாக்களுக்கு பீடி பிடிப்பவர் மாதிரி இருமல் வருவது இதனால்தான்.

ஆக, சூடு வீட்டுக்குள் இருக்கணும், புகையும் விஷமும் வெளியே போகணும். இரண்டுக்கும் வழி இருக்கிறது. அதற்கு வீட்டுக்குள் காற்று எப்படி நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

காற்றுக்கு வாசல் இரண்டு

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டு ஊற்றிப் பாருங்கள். குளக் குளக் என்று விட்டு விட்டு வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் ஒரே சீராக ஊற்றும். வீடும் அப்படித்தான். காற்று வெளியே போக ஒரு வழி இருந்தால் போதாது. உள்ளே வரவும் ஒரு வழி வேண்டும்.

சூடான காற்று லேசானது, மேலே ஏறும். குளிர்ந்த காற்று கனமானது, கீழே தங்கும். அதனால்தான் அடுப்படியில் பரணில் கை வைத்தால் சுடும், தரையில் கால் வைத்தால் சில்லிடும். புகையும் சூட்டோடு சேர்ந்து மேலே போகிறது. ஆகவே வெளியேறும் வழி மேலேயும், உள்ளே வரும் வழி கீழேயும் இருந்தால் காற்று தானாகவே நடக்கும். கரண்டும் வேண்டாம், காசும் வேண்டாம்.

உங்கள் வீட்டில் காற்று எப்படிப் போகிறது என்று பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். அடுப்பு எரியும்போது ஊதுபத்தியை ஏற்றி, கதவிடுக்கில் ஒரு தடவை, ஜன்னல் பக்கம் ஒரு தடவை, புகைபோக்கி பக்கம் ஒரு தடவை, படுக்கையறை நிலைப்படியில் மேலேயும் கீழேயும் ஒவ்வொரு தடவை பிடித்துப் பாருங்கள். புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான் காற்றின் வழி. ஊதுபத்திப் புகை புகைபோக்கிக்குள் இழுபட்டால் நல்லது. அங்கேயிருந்து உங்கள் முகத்துக்குத் திரும்பினால் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

"ஜன்னலைத் தொறந்தா புள்ளைக்குச் சளி புடிக்காதா?"

ஒரு லயன் வீட்டில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுப் பாட்டி என்னை மடக்கினார்.

"ஏம்மா, நீ சாயங்காலம் ஜீப்புல ஏறி டவுனுக்குப் போயிருவே. ராத்திரி இந்தக் காத்துல கெடக்கறது நாங்கதானே? ஜன்னலைத் தொறந்து வையின்னு லேசாச் சொல்லிட்டே!"

பாட்டி கேட்டதில் நியாயம் இருக்கிறது. ராத்திரி முழுக்க ஜன்னலை அகலத் திறந்து வைக்க யாராலும் முடியாது. நான் சொல்வது இவ்வளவுதான்:

காலையில் ஒரு தடவை, படுக்கப் போவதற்கு முன் ஒரு தடவை, எதிரெதிர் ஜன்னலையோ கதவையோ ஐந்து முதல் பத்து நிமிஷம் அகலத் திறந்துவிடுங்கள். பழைய காற்று போய்ப் புதுக்காற்று வந்துவிடும். சுவர், தரை, கட்டில், பாத்திரம் எல்லாம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் மூடியதும் அறை சீக்கிரமே பழைய சூட்டுக்கு வந்துவிடும்.

நெருப்பு எரிகிற அறையில் மட்டும் மேலே ஒரு வழி, கீழே ஒரு வழி எப்போதும் திறந்தே இருக்கட்டும். வென்டிலேட்டரில் பேப்பரையோ துணியையோ திணிக்காதீர்கள். ஓட்டு வீடு என்றால் அடுப்புக்கு நேர் மேலே ஓட்டைக் கொஞ்சம் தூக்கி வைத்து, மழை உள்ளே வராதபடி மேலே ஒரு தகரத்தைச் சாய்த்துக் கட்டலாம்.

இன்னொரு லாபமும் இதில் உண்டு. நாம் விடும் மூச்சு, கொதிக்கும் வெந்நீர், காய்கிற ஈரத்துணி எல்லாம் சேர்ந்து மூடிய வீட்டுக்குள் ஈரமாகத் தங்கிவிடும். அதுதான் சுவரில் வேர்வை மாதிரி வழியும். பிறகு மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும், கம்பளி நாறும், வீசிங் இருக்கிற பிள்ளைக்கு இழுப்பு அதிகமாகும். காற்று நடமாடினால் ஈரம் குறையும். ஈரம் குறைந்த வீட்டைச் சூடாக்குவதும் சுலபம்.

விசிறி வைக்கலாமா?

இப்போது கடையில் மூன்று வகை கிடைக்கிறது. சுவரில் பதிக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது, அடுப்புக்கு மேலே மாட்டும் மின்சாரச் சிம்னி. மூன்றாவது டக்ட் ஃபேன். அதாவது, குழாய்க்கு நடுவில் பொருத்தும் சின்ன விசிறி. வெளிச்சுவர் இல்லாத நடு அறையிலிருந்து காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ள இது உதவும். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் காற்றை அனுப்பவும் சிலர் இதை வைக்கிறார்கள்.

நம்ம பகுதியில் ஒரு உறுப்பினரின் மகன் எலக்ட்ரிகல் வேலை தெரிந்தவர். அடுப்படி வெந்துகொண்டிருக்கிறது, பாட்டி படுக்கும் அறை ஐஸாக இருக்கிறது என்று பார்த்தார். நல்ல மனசோடு ஒரு டக்ட் ஃபேனை வாங்கி, அடுப்படிக் கூரைக்கடியிலிருந்து பாட்டி அறைக்குக் குழாய் போட்டுவிட்டார். அறை சூடானது உண்மைதான். ஆனால் ஒரே வாரத்தில் பாட்டிக்கு இருமலும் தலைவலியும் வந்தது. போய்ப் பார்த்தால், அந்த வீட்டு அடுப்புக்குப் புகைபோக்கியே கிடையாது. மேலே சேர்ந்த புகையை எல்லாம் விசிறி அள்ளிக்கொண்டு போய்ப் பாட்டி தலைமாட்டில் கொட்டிக்கொண்டிருந்தது!

நல்லவேளை, அந்த அடுப்பில் கரி போடும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. அன்றைக்கே அந்த விசிறியைத் திருப்பி வெளிச்சுவர்ப் பக்கம் வைக்கச் சொன்னோம். இப்போது அதே விசிறி புகையை வெளியே தள்ளுகிறது. பாட்டி ரப்பர் பையில் வெந்நீர் வைத்துக்கொண்டு படுக்கிறார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது: புகைபோக்கி இல்லாத அடுப்பு இருக்கும் அறையிலிருந்து வேறு அறைக்குக் காற்றைத் தள்ளவே கூடாது. அங்கே விசிறிக்கு ஒரே வேலைதான், வெளியே தள்ளுவது.

இரண்டாவது: புகைபோக்கி உள்ள வீட்டில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால், உள்ளே காற்று வரும் வழியும் கட்டாயம் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு விசிறியைப் போட்டால் என்ன ஆகும்? விசிறி காற்றை வெளியே தள்ளும். அதற்கு ஈடாகக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். வேறு வழி இல்லாவிட்டால் புகைபோக்கி வழியாகவே கீழே இறங்கும். மேலே போக வேண்டிய புகை வீட்டுக்குள் திரும்பி வரும். எண்ணெய் டின் கணக்கு இங்கேயும் அதேதான். விசிறி ஓடும்போது ஊதுபத்திச் சோதனையை இன்னொரு தடவை செய்து பாருங்கள்.

மூன்றாவது: புகைபோக்கி நன்றாக இழுக்கிறது, அறையில் புகையே இல்லை என்றால், அந்தச் சூட்டைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோகச் சுலபமான வழி ஒன்று உண்டு. குளிரான அறையின் வாசலில் தரையில் ஒரு சின்ன விசிறியை வைத்து, அடுப்பு இருக்கும் பக்கம் பார்த்து மெதுவாக ஓட விடுங்கள். தரையில் தங்கிய குளிர்ந்த காற்றை அது அடுப்புப் பக்கம் தள்ளும். அதற்குப் பதிலாக, மேலே இருக்கும் சூடான காற்று நிலைக்கு மேல்பக்கமாகக் குளிர் அறைக்குள் வரும். "சூட்டை இழுக்கறதுக்குக் குளிரைத் தள்ளணுமா?" என்று சிரிப்பார்கள். செய்து பார்த்தால் தெரியும். அடுப்பு அறையிலிருந்து காற்றை உறிஞ்சாததால் புகைபோக்கியின் இழுப்பும் கெடாது. ஆனால் படுக்கப் போகும்போது இதை நிறுத்திவிட வேண்டும். தணல் அடங்கும்போது புகைபோக்கியும் குளிர்ந்துவிடும், இழுப்பு குறையும்.

வாங்குவதற்கு முன்

• அட்டைப்பெட்டியில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்று போட்டிருக்கும். பத்தடிக்குப் பத்தடி அறை, எட்டடி உயரம் என்றால் உள்ளே இருப்பது சுமார் 23 கன மீட்டர் காற்று. 100 கன மீட்டர் விசிறி என்றால் ஒரு மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் காற்றை மாற்றும். நீளமான குழாய், நிறைய வளைவு இருந்தால் இது குறையும். குழாய் குட்டையாக, நேராக இருக்கட்டும்.

• கரண்டுச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 30 வாட் விசிறி தினமும் 4 மணி நேரம் ஓடினால் எட்டு நாளைக்கு ஒரு யூனிட்தான். 2,000 வாட் ரூம் ஹீட்டரோ அரை மணி நேரத்திலேயே ஒரு யூனிட்டை முடித்துவிடும்.

• அடுப்புக்குப் பக்கத்தில் பிவிசி குழாய் போடக் கூடாது, உருகிவிடும். உலோகக் குழாய்தான் வேண்டும். விறகு அடுப்புப் புகைபோக்கிக்கு உள்ளே சாதாரண விசிறியைச் சொருகக் கூடாது, சூட்டில் கருகிவிடும்.

• காற்று வெளியேறும் வாயில் உங்கள் ஜன்னலுக்கோ பக்கத்து வீட்டு ஜன்னலுக்கோ நேராக இருக்கக் கூடாது. எலி, குருவி நுழையாமல் வலையும், மழை வராமல் மூடியும் போடுங்கள்.

• மாதம் ஒரு முறை இறக்கையைத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் சேர்ந்தால் விசிறி சத்தம்தான் போடும், காற்றைத் தள்ளாது. புகைபோக்கியில் சேரும் கரியையும் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அடைத்த புகைபோக்கி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

• கேஸ் வாசனை வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடாதீர்கள். எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். சிறு பொறி போதும், பற்றிக்கொள்ளும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் படியும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைக் கையால் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்கு போன் செய்யுங்கள்.

கூட்டத்தில் வந்த கேள்விகள்

*கரிச்சட்டி பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் விஷம் இறங்கிவிடுமாமே?*
இறங்காது. கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. துளசி, வெங்காயம் எதுவும் இதைப் பிடிக்காது.

*ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்துவிட்டுக் கரியோடு தூங்கலாமா?*
கூடாது. எவ்வளவு திறந்தால் போதும் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. கரியை வெளியே வராந்தாவில் வைத்துக் குளிர் காய்ந்துவிட்டு, வெளியேயே விட்டுவிட்டு உள்ளே வந்து படுங்கள்.

*அப்படியானால் ராத்திரிக்கு என்னதான் வழி?*
ரப்பர் பையில் வெந்நீர், இரண்டு சாக்ஸ், குல்லா, பாய்க்கு அடியில் அட்டைப்பெட்டியோ சாக்கோ. குளிர் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். அடியில் விரிப்பது மேலே போர்த்துவதற்குச் சமம். வசதி உள்ளவர்கள் ரூம் ஹீட்டர் வைக்கலாம். அதில் இந்த விஷவாயு வராது. ஆனால் கம்பளி, திரைச்சீலையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். சாதாரண எக்ஸ்டென்ஷன் ஒயரில் போடக் கூடாது.

குழுவாக நாம் என்ன செய்யலாம்?

சகோதரிகளே, தனியாக ஒருத்தி செய்ய முடியாததைக் குழுவாகச் செய்து காட்டியவர்கள் நாம். இதையும் செய்யலாம்.

கார்த்திகை முடிவதற்குள் ஒவ்வொரு குழுவும் உறுப்பினர் வீடுகளுக்கு ஊதுபத்தியோடு ஒரு நடை போய் வரலாம். எந்த வீட்டில் புகைபோக்கி இல்லை, எந்த வீட்டில் அடைத்திருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொள்ளலாம். புகைபோக்கி கட்டவும் எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கவும் உள்கடன் கொடுக்கலாம். பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் கடைக்காரரிடம் விலை பேசலாம், ஒரே எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டிவிடலாம். லயன் வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருப்பவர்கள் சுவரை உடைக்க முடியாது. அவர்களுக்காகக் குழுவின் பெயரில் மனு எழுதி நிர்வாகத்திடமோ வீட்டுக்காரரிடமோ கொடுக்கலாம். தனி மனுவைவிட இருபது கையெழுத்துப் போட்ட மனுவுக்கு மதிப்பு அதிகம்.

நம்மில் சிலர் காட்டேஜ், ஹோம்ஸ்டேக்களில் சமையலுக்கும் சுத்தம் செய்யவும் போகிறோம். குளிர் தாங்காமல் வருகிற விருந்தினர் கரி கேட்பார்கள். முற்றத்தில் மூட்டிக் கொடுங்கள், அறைக்குள் கொடுக்காதீர்கள். "ஐயா, எங்க ஊர்ல இதால உயிர் போயிருக்கு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். டிப்ஸ் குறைந்தாலும் பரவாயில்லை.

ஆண்களிடமும் பேசுங்கள். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து, ஷெட்டில் தார்ப்பாய் கட்டித் தங்கியிருப்பவர்களிடமும் சொல்லுங்கள். அவர்களுக்கு நம்ம குளிரும் புதுசு, கரியும் புதுசு. அன்றைக்கு எனக்கு இருந்த மாதிரியே.

இன்றைக்கு ராத்திரி படுக்கப் போவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அடுப்பில் தணல் இருக்கிறதா, புகைபோக்கி திறந்திருக்கிறதா, படுக்கையறையில் எந்த நெருப்பும் இல்லையா என்று ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். ஊதுபத்திப் புகை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அடுத்த கூட்டத்தில் கட்டாயம் சொல்லுங்கள். நான் நோட்டோடு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர்